எழுபது ரூபாய் வானொலி

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். பின்னாளில் ஜி. டி. நாயுடு என யாவரும் அறிந்தவர் இவரே. பள்ளிப் படிப்பில் இவர் மனம் ஒன்றவில்லை. இளமையில் வெள்ளையர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வேட்கை கொண்டார். உணவு விடுதியில் பணிபுரிந்து பொருள் சேர்த்து, அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற கல்லூரி. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கி, பெரு நிறுவனம் கண்டார்.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆற்றின் விசை கம்பி வழியே கொங்குச் சமவெளிக்கு இறங்கி வந்தது. மின்சாரம் வந்தும், கருவிகள் கடல் கடந்தே வரவேண்டியிருந்தன. கவலையில் எருது பூட்டி நீர் இறைத்த உழவர்க்கு அயல்நாட்டு மோட்டார் எட்டாக்கனி. 1937இல் நாயுடு, பாலசுந்தரம் நாயுடு என்பாருடன் இணைந்து மின்மோட்டார் ஒன்றைச் செய்தார். இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் அதுவே என்பர்.

பின்னர் அவர் கருத்து வானொலியிற் சென்றது. அக்காலத்து வானொலி, மேசையை அடைத்துக்கொள்ளும் மரப்பேழை. அதனுள்ளே வால்வுகள் எனப்படும் கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். குமிழின் இழை சூடேறியதும் மின்னணுக்கள் வெளிப்பட்டு, இடையேயுள்ள வலையைக் கடந்து, அப்பாலுள்ள தகட்டை அடையும். வலையிற் படும் மெல்லிய குறிப்பு, தகட்டில் வலிமை பெற்று வெளிவரும். விசையைத் திருப்பியவுடன் பெட்டி பாடாது. குமிழ்கள் சூடேறும்வரை வீட்டார் பொறுத்திருக்க வேண்டும். ஐந்து வால்வுகளுள் ஒன்று பாட்டில் பங்கு கொள்வதேயில்லை. வீட்டிற்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை ஒரு திசையிற் செலுத்துவதே அதன் தொழில். மின்கம்பி எட்டாத ஊரார்க்கு மின்கலங்களே துணை.

சென்னையில் 1938இலும் திருச்சியில் 1939இலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. பாட்டு வானெங்கும் பரவியது; கேட்கும் வீடுகளோ சில. பெட்டியின் விலை அத்தகையது! 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என நாயுடு அறிவித்தார். அந்நாளில் எழுபது ரூபாயும் ஏழைக்குச் சிறு தொகையன்று. ஆயினும், செல்வர் கூடத்தில் இருந்த பொருளை எளியோர் திண்ணைக்குக் கொணர முடியும் என்று கணக்கிட்டுச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தார்.

தொழிற்கல்விக்கும் நாயுடு வாரி வழங்கினார். நான்காண்டுப் பயிற்சிக்கு இரண்டாண்டே போதும் என வாதிட்டு, அது ஏற்கப்படாமையால் பதவியையே துறந்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் காலமானார். அவர் படைத்தனவும் தொகுத்தனவும் ஆகிய கருவிகளைக் கோவையில் அவர் பெயரால் அமைந்த காட்சியகத்தில் காணலாம்.