ஐ.சி.யூ.வில் வலியை அடக்கும் மார்ஃபின்: தன் உடம்பிலேயே சோதித்த மருந்துக்கடைக்காரர்... யார் இந்த செர்ட்டூர்னர்?

உத்திரமேரூர் பக்கம் ஒருவர் பைக் விபத்தில் சிக்கினால், 108 ஆம்புலன்ஸ் அவரை காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ கொண்டுபோகும். ஐ.சி.யூ.வில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைப்பார்கள். ஆள் கண்ணே திறக்கலையே என்று சொந்தக்காரங்க வெளியே பதறுவாங்க. பல நேரங்களில் அந்தத் தூக்கம், டாக்டர்கள் அளந்து கொடுக்கும் மருந்தால் வருவது.

அந்த அளவுக்கு வழிகாட்டியவர் ஒரு ஜெர்மானிய மருந்துக்கடை உதவியாளர். பெயர், ஃப்ரீட்ரிக் செர்ட்டூர்னர்.

மருந்து இருந்தது, அளவு இல்லை

காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை இயங்கியது. வீரராஜேந்திர சோழன் கால கல்வெட்டில் அறுவை சிகிச்சை செய்பவருக்கும் சம்பளம் குறித்திருக்கிறார்கள். ஆனால் கடும் வலியை அளந்து அடக்குவது உலகம் முழுக்கவே பெரிய சவாலாக இருந்தது. அபின் வலியைக் குறைக்கும்தான். ஆனா ஒரு கட்டியில் இருக்கும் வீரியம் அடுத்த கட்டியில் இருக்காது. கொஞ்சம் குறைந்தால் வலி போகாது, கூடினால் மூச்சே நின்றுவிடும்.

21 வயதில் கண்டுபிடிப்பு

1783 ஜூன் 19 அன்று பிறந்த செர்ட்டூர்னர், பள்ளிப் பருவம் முடிந்ததும் பாடர்போர்ன் நகர மருந்துக்கடையில் தொழில் பழகப் போனார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. சுமார் 1804-05இல் அபினிலிருந்து வெள்ளைப் படிகம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நாய்களுக்குக் கொடுத்தார், தூங்கின. முடிவுகளை வெளியிட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

உயிரைப் பணயம் வைத்த சோதனை

அவர் விடவில்லை. தானும், 17 வயதைத் தாண்டாத மூன்று இளைஞர்களும் சேர்ந்து அந்தப் படிகத்தைக் கரைத்துக் குடித்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தவணை, மொத்தம் ஆளுக்கு சுமார் 90 மில்லிகிராம். இன்று வாய்வழியாகக் கொடுக்கத் தொடங்கும் அளவைவிட இது பல மடங்கு அதிகம். எல்லோரும் மயங்கிச் சரியும் நிலைக்குப் போனார்கள். வினிகர் குடிக்க வைத்து வாந்தி எடுக்கச் செய்தார் செர்ட்டூர்னர். நால்வரும் பிழைத்தது அதிர்ஷ்டம்தான். இன்றைய விதிகளின்படி இப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது.

1817இல் வெளியான அவரது கட்டுரையை பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் கவனித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. கிரேக்கர்களின் கனவுக் கடவுள் மார்ஃபியஸ் பெயரிலிருந்து மருந்துக்குப் பெயர் வந்தது. 1827இல் மெர்க் நிறுவனம் விற்பனைக்குத் தயாரித்தது. 1831இல் பிரான்ஸ் பரிசு கொடுத்தது. 1841 பிப்ரவரி 20 அன்று ஹாமெல்ன் நகரில் செர்ட்டூர்னர் காலமானார்.

இன்று ஐ.சி.யூ.வில்...

மார்ஃபினும் ஃபென்டனிலும் வலியைக் குறைக்கின்றன. தூக்கத்துக்கு மிடாசோலம், புரோபோஃபால் போன்றவை தனி. முதலில் வலியைக் கவனித்து, தேவைப்பட்டால் மட்டும் தூக்க மருந்து என்பதே இப்போதைய நடைமுறை. சிரிஞ்ச் பம்ப் மணிக்கு இத்தனை மில்லி என்று எண்ணிச் செலுத்தும். மூச்சும் ரத்த அழுத்தமும் தொடர்ந்து கண்காணிக்கப்படும். மார்ஃபின் மிஞ்சினால் மாற்று மருந்தாக நலாக்சோன் இருக்கிறது. நோயாளி தேறத் தேற டோஸைக் குறைத்து எழுப்பிப் பார்ப்பார்கள்.

அதனால ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது பயந்துகொண்டே இருக்க வேண்டாம். தூக்கம் மருந்தாலா, காயத்தாலா, எப்போது குறைப்பீங்க என்று டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம்.