மரம் அறுக்கும் மிஷினில் இருக்கும் பெயர் யாருடையது? ஆண்ட்ரியாஸ் ஸ்டிலின் வாழ்க்கையும், வீட்டிலேயே செயினைத் தீட்டும் முறையும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து முட்டும் இடத்தில் இருக்கிறது குப்பம். இங்கே கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மரம் அறுக்கும் கருவிக்கு மட்டும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே சொல்தான்: ரம்பம். ஆனால் அதைத் தீட்டும் கருவி என்று வந்தால் தமிழில் அரம், தெலுங்கில் ஆகுராயி.

குப்பத்தைச் சுற்றியுள்ள சித்தூர் மாவட்டத்து மாந்தோப்புகளிலும், தென்னை, புளிய மரங்கள் நிற்கும் வரப்புகளிலும் இன்று கை ரம்பத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது பெட்ரோலில் ஓடும் செயின்சா. புயலில் சாய்ந்த மரமோ, காய்ப்பு நின்றுபோன கிழ மாமரமோ, மிஷின் வந்துவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

ஆனால் அதே மிஷின் சில மாதம் கழித்து மரத்தில் வழுக்கும், புகை விடும், கையை உதறும். உடனே, மிஷின் பழசாகிவிட்டது, புதுசு வாங்கணும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். பல நேரங்களில் கெட்டுப்போனது மிஷின் இல்லை. மழுங்கிப்போனது செயினின் பல்.

இந்த மிஷின்களில் பலவற்றின் ஆரஞ்சு நிற மூடியில் ஒரு பெயர் இருக்கும்: ஸ்டில். அது வெறும் கம்பெனிப் பெயர் இல்லை, ஒரு மனிதரின் பெயர். ஜெர்மானியர்கள் அதை 'ஷ்டீல்' என்று உச்சரிப்பார்கள். அவர் இறந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் யார்?

யார் இந்த ஆண்ட்ரியாஸ் ஸ்டில்?

ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1896 நவம்பர் 10 அன்று ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் பிறந்தார். இயந்திரப் பொறியியல் படித்தார். முதல் உலகப் போரில் தோற்று, பணவீக்கத்தில் சிக்கித் தவித்த ஜெர்மனியில்தான் அவருடைய தொழில் வாழ்க்கை தொடங்கியது.

1926-ல், தன் 30-வது வயதையொட்டி, ஸ்டுட்கார்ட் நகரில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஆரம்பத்தில் அவர் விற்றது ரம்பம் அல்ல. கொதிகலன்களுக்கான எரியூட்டும் சாதனம். ஆனால் அவர் கண்ணை உறுத்தியது மரத் தொழிலில் இருந்த உடல் உழைப்பு.

அந்தக் காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நீண்ட ரம்பத்தை இழுத்துத் தள்ளித்தான் மரத்தை வீழ்த்த வேண்டும். மோட்டாரில் ஓடும் ரம்பம் மர ஆலையில் இருந்தது. ஆனால் அது இருந்த இடத்தைவிட்டு நகராது. மரத்தைத்தான் அதனிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஸ்டில் இதைத் திருப்பிப் போட நினைத்தார். மரத்தை ரம்பத்திடம் கொண்டுபோவதற்குப் பதிலாக, ரம்பத்தை மரத்திடம் கொண்டுபோக வேண்டும்.

செயின்சாவைக் கண்டுபிடித்தவர் இவர்தானா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. பல் வைத்த சங்கிலியை ஓடவிட்டு அறுக்கும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள், எலும்பை அறுக்கக் கையால் இயக்கும் சிறு சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. ஜெர்மனியிலேயே எமில் லெர்ப் என்பவர் 1927-ல் பெட்ரோல் ரம்பத்தைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். டோல்மார் என்ற நிறுவனம் அவருடையது.

ஸ்டில் செய்தது வேறு. 1926-ல் மின்சாரத்தில் ஓடும் ரம்பம். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மின்சாரம் இல்லாத காட்டில் அது உதவாது. அதனால் 1929-ல் பெட்ரோல் ரம்பம். அதன் எடை 46 கிலோ, சக்தி 6 குதிரைத்திறன். கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு மரம் அறுப்பது போல.

1930-களில் அவருடைய ரம்பங்கள் வெளிநாடுகளுக்கும் போயின. அடுத்த 30 ஆண்டுகளில் அவர் நிறுவனம் செய்த பெரிய வேலை என்னவென்றால், சக்தியைக் குறைக்காமல் அந்த எடையை இறக்கிக்கொண்டே வந்ததுதான்.

மறைக்க முடியாத ஒரு காலம்

ஸ்டிலின் வாழ்க்கையில் இருண்ட பக்கமும் உண்டு. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பின்னர் எஸ்.எஸ். அமைப்பிலும் உறுப்பினரானார். இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய தொழிற்சாலையில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். மனித உழைப்பின் பாரத்தைக் குறைக்க நினைத்தவரின் கூரையின் கீழேயே, விருப்பமில்லாத மனிதர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

போரின் குண்டுவீச்சில் ஸ்டுட்கார்ட் பகுதியில் இருந்த அவருடைய ஆலை அழிந்தது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தன. நாஜிக் காலத்துக்குப் பொறுப்பானவர்களை வகைப்படுத்திய விசாரணையில், கூட்டத்தோடு சேர்ந்து போனவர் என்ற வகையில் அவர் வைக்கப்பட்டார். அதன் பிறகே மறுபடி தொழிலுக்குத் திரும்ப முடிந்தது.

பல்லுக்கு விடை சொன்ன புழு

ஸ்டில் முகாமில் இருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் வேறொரு மனிதர் செயின்சாவின் இன்னொரு பாதியைத் தீர்த்துவைத்தார்.

எடையும் இன்ஜினும் ஒரு பக்கம் சரியாகிக்கொண்டிருந்தாலும், செயின் பழையபடியே இருந்தது. கை ரம்பத்தின் பற்களை அப்படியே சங்கிலியில் வைத்திருந்தார்கள். சில பற்கள் மரத்தைக் கீறும், சில பற்கள் கீறியதை வாரி வெளியே தள்ளும். சீக்கிரம் மழுங்கும். ஒவ்வொரு வகைப் பல்லுக்கும் ஒவ்வொரு விதமாக அரம் போட வேண்டும். அறுக்கும் நேரத்தைத் தீட்டும் நேரம் தின்றுவிடும்.

ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் வேலை பார்த்த ஜோ காக்ஸ், 1946-ல் ஓர் அடிமரத்தைக் கவனித்தார். அதில் ஒரு வண்டின் புழு மரத்தைக் குடைந்துகொண்டிருந்தது. இழைவாக்கிலும் குறுக்காகவும், எந்தத் திசையிலும் தடையில்லாமல் போனது. உற்றுப் பார்த்தால், அது மரத்தைக் கீறவில்லை. வளைந்த இரண்டு தாடைகளால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டே போனது.

காக்ஸ் அதையே உலோகத்தில் செய்தார். வளைந்த பற்கள், ஒன்று இடம், ஒன்று வலம். போர்ட்லேண்டில் தன் வீட்டு நிலவறையில் தயாரிப்பைத் தொடங்கி, 1947-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று குப்பத்துத் தோப்பில் ஓடும் செயினின் பல்லும் அந்த வழியில் வந்ததுதான். பல் வளைவாக இருப்பதால் உருண்டை அரம் ஒன்று போதும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாமே தீட்ட முடிவது அந்தப் புழுவின் புண்ணியத்தில்தான்.

வீட்டில் எப்படித் தீட்டுவது?

முதலில் அடையாளம். நல்ல செயின் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய செயின் மாவு போலத் தூள் தள்ளும். மிஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலும் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

* அரத்தின் அளவு: செயினின் அளவைப் பொறுத்தது. சின்ன மிஷின்களின் 3/8 லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ., 0.325 அங்குல செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம் பொதுவாகப் பொருந்தும். செயின் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

* பிடிமானம்: இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பாரை வைஸில் இறுக்குங்கள். கையில் கையுறை இருக்கட்டும்.

* கோணம்: பெரும்பாலான செயினுக்கு 30 டிகிரி. பல்லின் மேல் அச்சடித்த கோடு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

* தள்ளும் விதம்: பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் அரம்தான் வீணாகும்.

* கணக்கு: இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி, மற்ற பற்களையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் அரம் போடுங்கள். ஒரு பக்கப் பற்கள் நீளமாக இருந்தால் வெட்டு கோணலாகப் போகும்.

பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல் தேயத் தேய அதன் உயரமும் குறையும். ஆனால் மேடு அப்படியே நிற்கும். அப்போது எவ்வளவு கூராக இருந்தாலும் செயின் மரத்தைக் கடிக்காது. சில தடவை தீட்டிய பிறகு, அளவு காட்டும் தகட்டை வைத்து, பட்டை அரத்தால் மேட்டைக் குறைக்க வேண்டும். பல செயின்களுக்கு பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருந்தால் சரி. ஆசைப்பட்டு அதிகம் குறைத்தால் பல் ஆழமாகக் கடிக்கும், மிஷின் எகிறும். பாரின் மூக்கு எதிலாவது பட்டு மிஷின் முகத்தை நோக்கி எகிறுவதுதான் செயின்சாவின் மிக மோசமான ஆபத்து. பழைய மாடல்கள் சிலவற்றில் அதை நிறுத்தும் செயின் பிரேக்கும் கிடையாது.

46 கிலோவிலிருந்து 12 கிலோவுக்கு

1950-ல் ஸ்டில் நிறுவனம், ஒரே ஆள் கையாளக்கூடிய பெட்ரோல் ரம்பத்தைக் கொண்டுவந்தது. அதன் எடை 16 கிலோ. 1959-ல் வந்த 'கான்ட்ரா' மாடலின் எடை 12 கிலோ. சக்தி 6 குதிரைத்திறன். 1929-ல் இரண்டு பேர் தூக்கிய அதே சக்தி, 30 ஆண்டுகளில் ஒருவர் கைக்கு வந்துவிட்டது. இடையில் கியர் இல்லாமல் இன்ஜினே செயினை நேரடியாகச் சுற்றியதால் வேகமும் கூடியது.

இதற்கு உதவிய இன்னொரு மாற்றம், டயஃப்ரம் கார்புரேட்டர். பழைய மிதவை கார்புரேட்டர் நிமிர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும். மெல்லிய சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்த பிறகு மிஷினைச் சாய்த்தும் படுக்கவைத்தும் அறுக்க முடிந்தது. பழைய மிஷின்கள் மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் இந்தச் சவ்வு விறைத்துப்போவதால்தான்.

பழைய மிஷினை டியூன் பண்ணும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்குரூவைத் திருகுவதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. கருப்பாக எண்ணெய் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்திருந்தால் குறைவாகப் போகிறது.

கார்புரேட்டரில் பொதுவாக மூன்று ஸ்குரூ இருக்கும். 'எல்' மெதுவான ஓட்டத்துக்கு, 'எச்' முழு வேகத்துக்கு, மூன்றாவது ஐடிலுக்கு. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் செயின் சுற்றினால் ஐடில் அதிகம். அதைக் குறைக்காமல் வேலையில் இறங்கக் கூடாது.

'எச்' ஸ்குரூவில்தான் பலர் மிஷினைக் கொல்கிறார்கள். அதை உள்ளே திருகினால் சத்தம் கணீரென்று மாறும், வேகம் கூடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே வருகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும். சூடு ஏறி பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் உச்ச வேகத்திலிருந்து கொஞ்சம் வெளியே திருகி, சத்தம் லேசாகக் கரகரக்கும் இடத்தில் நிறுத்துவதே பாதுகாப்பு.

எரிபொருளைப் பொறுத்தவரை, இன்றைய மிஷின்கள் பலவற்றுக்கு 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், அதாவது 50-க்கு 1. பழைய மிஷின்கள் சிலவற்றுக்கு 25-க்கு 1 வரை தேவைப்படும். கையேட்டைப் பாருங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் சவ்வையும் கெடுக்கும். சில வாரம் மிஷினைத் தொடப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு எடுத்துவையுங்கள்.

இன்னொன்று: சொந்த நிலத்து மரம் என்றாலும், ஆந்திராவில் 2002-ம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதி தேவையா என்று கேட்டுவிட்டு மிஷினை எடுப்பது நல்லது.

கடைசிக் காலம்

1971-ல் ஸ்டில் உலகிலேயே அதிகம் விற்கும் செயின்சா பிராண்ட் ஆனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1973 ஜனவரி 14 அன்று, தன் 76-வது வயதில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் இறந்தார். மகன் ஹான்ஸ் பீட்டர் பொறுப்பேற்றார்.

ஸ்டிலின் கதையை வெறும் சாதனைக் கதையாகச் சொன்னால் 1933-க்குப் பிறகான ஆண்டுகள் விட்டுப்போகும். அந்த ஆண்டுகளை மட்டும் சொன்னால், கோடிக்கணக்கான மனிதர்களின் முதுகிலிருந்து இறங்கிய பாரம் விட்டுப்போகும். இரண்டும் ஒரே ஆளின் கதைதான்.

அவருடைய நிறுவனம் இன்ஜினை மாற்றியது, எடையை மாற்றியது. காக்ஸ் பல்லை மாற்றினார். ஆனால் அந்தப் பல்லைக் கூராக வைத்திருக்கும் வேலை இன்னும் மிஷின் பிடிக்கிறவர் கையில்தான் இருக்கிறது. அரமோ ஆகுராயியோ, குப்பத்தில் எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. அடுத்த முறை மிஷின் சீவலுக்குப் பதில் தூள் தள்ளினால், புதுசுக்கு விலை விசாரிக்கும் முன் கால் மணி நேரம் அதோடு உட்கார்ந்து பாருங்கள்.