ஜான் ரென்னி

ஜான் ரென்னி (ஜூன் 7, 1761 – அக்டோபர் 4, 1821) ஸ்காட்லாந்தில் பிறந்த கட்டுமானப் பொறியாளர் ஆவார். கால்வாய்கள், பாலங்கள், துறைமுகங்கள் பலவற்றை வடிவமைத்தார். இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகருக்கு அருகே இவர் அமைத்த லூன் நீர்ப்பாலம் சிறந்த கற்கட்டுமானமாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

ரென்னி ஈஸ்ட் லிண்டன் என்னும் ஊருக்கு அருகில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். ஆலைப் பொறியாளர் ஆன்ட்ரூ மெய்க்கிலிடம் தொழில் பயின்றார். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கற்றார். 1784 இல் ஜேம்ஸ் வாட் இவரை லண்டன் ஆல்பியன் மாவாலைப் பணியில் அமர்த்தினார். 1791 இல் தனியே தொழில் தொடங்கினார்.

லூன் நீர்ப்பாலம்

லங்காஸ்டர் கால்வாயை லூன் ஆற்றின் மேலாகக் கொண்டுசெல்வதற்கு இப்பாலம் கட்டப்பட்டது. 1794 இல் தொடங்கிய பணி 1797 இல் நிறைவடைந்தது. பாலம் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுடையது. தலா 70 அடி அகலமான 5 அரைவட்ட வளைவுகளைக் கொண்டது. தூண்கள் ஆற்றுப்படுகையில் அறையப்பட்ட மரமுளைகளின் மீது எழுப்பப்பட்டன. நீருக்கடியிலும் இறுகும் சாந்துக்காக இத்தாலியிலிருந்து எரிமலைச் சாம்பல் தருவிக்கப்பட்டது.

செலவு மதிப்பீட்டைப்போல் இரு மடங்கைத் தாண்டியது. நிதி போதாமையால், பிரஸ்டன் நகரில் ரிப்பிள் ஆற்றின் மீது திட்டமிடப்பட்ட நீர்ப்பாலம் கட்டப்படவில்லை. அங்கு 1803 இல் குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதையே திறக்கப்பட்டது. இதனால் கால்வாயின் வடபகுதி பிற கால்வாய்களுடன் இணையாமல் தனித்திருந்தது. 2002 இல் திறக்கப்பட்ட ரிப்பிள் இணைப்புக் கால்வாய் இக்குறையை நீக்கியது.

பிற பணிகள்

ரென்னி அமைத்த வாட்டர்லூ பாலம் 1817 இல் திறக்கப்பட்டது. இவர் வடிவமைத்த லண்டன் பாலத்தை, இவரது மறைவுக்குப் பின் மகன் 1831 இல் கட்டி முடித்தார். ரென்னியின் உடல் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.