ஏ.கே.கோபாலன்: ஒரு வழக்கின் பெயராக நிலைத்த கம்யூனிஸ்ட் தலைவர்

சட்டம் பயிலும் மாணவர்களுக்கு ஏ.கே.கோபாலன் என்பது முதலில் ஒரு வழக்கின் பெயர். தனிமனித சுதந்திரம் குறித்த பாடம், 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அவ்வழக்கைத் தொடாமல் நகர்வதில்லை. மனுதாரர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் பாடத்தில் இடம்பெறுவதில்லை.

வடக்கு கேரளத்தின் கண்ணூரை அடுத்த பெரளசேரி பகுதியில் 1904 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தவர் ஆயில்யத் குட்டியாரி கோபாலன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1930இல் உப்பு சத்தியாகிரகத்தின்போது வேலையைத் துறந்து காங்கிரஸ் இயக்கத்தில் இணைந்து சிறை சென்றார். எல்லாச் சாதியினருக்கும் கோயில் நுழைவு கோரி 1931 நவம்பரில் கே.கேளப்பன் தலைமையில் குருவாயூர் சத்தியாகிரகம் தொடங்கியபோது, தொண்டர் படைத் தலைவராகப் பொறுப்பேற்றுக் கடுமையாகத் தாக்கப்பட்டார்.

அன்று மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. ஆட்சியாளர்களிடம் முறையிட மலபார் மக்கள் சென்னைக்குத்தான் வரவேண்டும். 1936இல் வேலையின்மைக்கும் வறுமைக்கும் எதிராகக் கண்ணூரிலிருந்து சென்னைக்குப் பட்டினி நடைப்பயணம் ஒன்றை அவர் தலைமையேற்று நடத்தினார். வழிநெடுக ஊர் மக்கள் அளித்த உணவே பயணத்தினருக்கு ஆதாரம். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்த அவரும் தோழர்களும் சில ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாறினர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைதான கோபாலன், 1941இல் வேலூர் சிறையிலிருந்து தப்பினார். போர் முடியும்வரை தலைமறைவு வாழ்க்கை. போருக்குப் பின் மீண்டும் கைதானார். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையைக் கொண்டாடியபோது, அதற்காகப் போராடிய அவர் கம்பிகளுக்குப் பின்னால் இருந்தார். சில வாரங்களில் விடுவிக்கப்பட்டாலும், அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் காவலில் வைக்கப்பட்டார். கைது செய்தது இம்முறை சொந்த நாட்டு அரசு.

அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த ஒரு மாதத்திற்குள் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. ஏற்கெனவே காவலிலிருந்த கோபாலனிடம் 1950 மார்ச் 1ஆம் தேதி அச்சட்டத்தின் கீழ் புதிய ஆணை வழங்கப்பட்டது. அதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றத்தை நேரடியாக அணுகினார்; வழக்கறிஞர் எம்.கே.நம்பியார் வாதாடினார். சட்டம் என்ற பெயரில் எந்த நடைமுறையை வகுத்தாலும் ஒருவரது சுதந்திரத்தைப் பறித்துவிட முடியுமா, அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்பதே கேள்வி.

தலைமை நீதிபதி ஹரிலால் கனியா தலைமையிலான ஆறு நீதிபதிகள் அமர்வில், பெரும்பான்மையினர் சட்டத்தை ஏற்றனர். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடத் தெரிவிக்கத் தடைவிதித்த 14ஆவது பிரிவு மட்டும் செல்லாது என அறிவிக்கப்பட்டது. அடிப்படை உரிமைகளை ஒன்றிலிருந்து ஒன்றைத் துண்டித்துப் பார்க்க இயலாது என்று நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். கோபாலன் சிறையிலேயே தொடர்ந்தார்.

எனினும், 1952இல் நடந்து முடிந்த முதல் பொதுத்தேர்தலில் கண்ணூர் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. அங்கு எதிர்க்கட்சிகளில் பெரியது கம்யூனிஸ்ட் கட்சி. அதன் தலைவராக விளங்கிய கோபாலன், எதிர்க்கட்சித் தலைவர் என்ற அதிகாரபூர்வ அங்கீகாரம் இன்றியே பிரதமர் நேருவுக்கு எதிர்வரிசையில் நின்றார். அதன்பின் காசர்கோட்டிலிருந்து மூன்று முறையும் 1971இல் பாலக்காட்டிலிருந்தும் வென்றார். 1967இல் அவரது மனைவி சுசீலா கோபாலனும் அம்பலப்புழையிலிருந்து தேர்வானதால், கணவனும் மனைவியும் ஒரே அவையில் அமர்ந்தனர்.

அவையைவிடத் தெருவே அவருக்கு இயல்பான களம் என்று கூறலாம். காபி வாரியம் தனது காபி விடுதிகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் தொழிலாளர்களே நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ்கள் உருவாயின. பீட்ரூட் சேர்த்த மசால் தோசைக்காகக் கேரளத்தில் இன்று அங்கு நுழைவோர், பல கிளைகளின் சுவரில் அவரது படத்தைக் காணலாம். 1961இல், இடுக்கி அணைத் திட்டத்திற்காக வெளியேற்றப்பட்டுத் தமிழக எல்லையை ஒட்டிய குமுளி அருகே அமராவதியில் கொட்டும் மழையில் விடப்பட்ட விவசாயக் குடும்பங்களுக்காக அங்கேயே உண்ணாவிரதம் மேற்கொண்டார்.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபட்டபோது மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம் நின்றார். அக்கட்சியின் டெல்லித் தலைமையகம் இன்று அவரது பெயரையே தாங்கியுள்ளது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், எழுபது வயதைக் கடந்திருந்த கோபாலன் மீண்டும் கைதானார். சில நாட்களில் விடுதலையாகி, ஜூலை 21 அன்று மக்களவையில் நெருக்கடி நிலையைக் கண்டித்து உரையாற்றினார். உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்ததால் எதிர்க்கட்சி வரிசைகளில் இருக்கைகள் காலியாகக் கிடந்த கூட்டத்தொடர் அது.

1977 மார்ச் 21ஆம் தேதி நெருக்கடி நிலை விலக்கிக் கொள்ளப்பட்டது. மறுநாள், மார்ச் 22 அன்று, திருவனந்தபுரத்தில் கோபாலன் காலமானார்.

அவரது வழக்கின் தீர்ப்பு 1970இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கிலேயே ஆட்டம் கண்டிருந்தது. 1978 ஜனவரி 25 அன்று, மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருந்தே ஆகவேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபாலன் இறந்து அப்போது பத்து மாதங்கள் ஆகியிருந்தன.