பிரசவ மரணங்களுக்குக் காரணம் தேடிய மருத்துவர்

மைசூரு சமஸ்தானத்தின் திவானாக 1946 முதல் 1949 வரை இருந்த ஆற்காடு ராமசாமி முதலியாரை அரசியல் உலகம் நன்கறியும். அவருடன் 1887ல் கர்னூலில் பிறந்த இரட்டையர் டாக்டர் லட்சுமணசாமி முதலியார், மகப்பேறு மருத்துவர். ரத்தசோகையும் பிரசவத் தொற்றும் தாய்மாரின் உயிரைக் குடித்த காலம் அது. ஊரார் அதை விதி என்றே ஏற்றனர். அவரோ, சென்னை நகரில் நிகழ்ந்த அம்மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து 1933ல் அறிக்கை அளித்தார். பின்னர் வகித்த 27 ஆண்டுத் துணைவேந்தர் பதவியே அவர் பெயரை நிலைக்கச் செய்தது. அறிக்கையை நினைவுகூர்வோர் சிலரே.

1974ல் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 2024 நவம்பரில் பல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார் அடுத்தடுத்து இறந்தனர். கர்நாடக அரசு நடத்திய தணிக்கை, மாநிலத்தின் பிரசவ மரணங்களில் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக் கூடியவை எனக் கண்டது.