தீப்பொறி இல்லாத இன்ஜின்

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுவடையில, சாவியை ஆஃப் பண்ணியும் நிக்காத அறுவடை மெஷினைப் பார்த்திருக்கீங்களா? காரணம் ருடால்ஃப் டீசல்!

1858-ல் பாரிஸில் பிறந்தவர். காற்றை நல்லா அழுத்தினா வரும் சூட்டிலேயே எரிபொருள் தானா பத்திக்கணும்னு நினைச்சார். 1893-ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த முதல் சோதனை வெடிப்பில் முடிந்தது. விடலை, 1897-ல் ஜெயித்தார். 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது காணாமல் போனார்.

அவர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால நிறுத்தணும்னா டீசல் வரத்தையே அடைக்கணும். பல மெஷின்களில் அந்த வேலை ஷட்ஆஃப் சாலினாய்டுக்கு. அது திறந்தபடி சிக்கினா வண்டி நிக்காது. மூடியபடி சிக்கினா ஸ்டார்ட்டே ஆகாது. அப்போ உடனே பம்பைக் கழற்றாதீங்க. சாவி போட்டதும் 'டிக்' சத்தம் வருதா, ஒயரில் கரண்ட் இருக்கான்னு முதல்ல பாருங்க. மழை நமக்காகக் காத்திருக்காது!