எலும்பை வளர்த்த இலிசாரோவ்

மருத்துவ மேதைகளின் வரலாறு எழுத முற்படுவோர் லிஸ்டரையோ, பாஸ்டரையோ, பிளெமிங்கையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட மனிதர் நுண்ணுயிரைக் கண்டவரும் அல்லர். மருந்தைக் கண்டவரும் அல்லர். மெல்லிய கம்பி ஒன்றை எலும்பின் ஊடே செலுத்தி, அதை வீணை நரம்புபோல் இழுத்து முறுக்கேற்றி, இரு முனைகளையும் இரும்பு வளையத்தில் இறுகப் பூட்டி, முறிந்த காலோடு மனிதனை எழுந்து நடக்கவைத்தவர். கவ்ரீல் அப்ராமோவிச் இலிசாரோவ் என்பது அவர் பெயர். எலும்பு மருத்துவம் பயில்வோரில் அப்பெயரை அறியாதவர் உலகில் எங்கும் இரார்.

இயற்பியல் மாணவனுக்கு எலும்பில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் மிதிவண்டிக் கடை வைத்திருப்பவர். ரிம், ஸ்போக்ஸ், நிப்பிள், கோட்டம் என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். இலிசாரோவின் கதையில் பாதியை அந்தச் சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

1921-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், போலந்து நாட்டின் பியாவோவியேஷா என்னும் ஊரில் எளிய யூதக் குடும்பமொன்றில் இலிசாரோவ் பிறந்தார். உடன்பிறந்தோருள் அவரே மூத்தவர். சிறுபிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அசர்பைஜானில் மலைகளுக்கு அருகிலுள்ள குசாருக்குக் குடிபெயர்ந்தது. வறுமையினால் பள்ளியில் சேரவே காலம் தாழ்ந்தது. சேர்ந்தபின் இழந்த வகுப்புகளை விரைவில் எட்டிப்பிடித்தார். மருத்துவராக வேண்டும் என்ற வேட்கையோடு சிம்ஃபெரோபோல் நகரிலிருந்த கிரிமிய மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

அங்கும் அமைதியாகப் படிக்க விதியில்லை. 1941-இல் ஜெர்மானியப் படை சோவியத் மண்ணில் நுழைந்தது. கல்லூரி மூட்டைமுடிச்சுகளோடு கசக்ஸ்தானின் கிசிலோர்தா நகருக்கு ஓடவேண்டியதாயிற்று. 1944-இல் அங்குதான் பட்டம் பெற்றார். அரசு அவரை அனுப்பிய இடம் யூரல் மலைக்குக் கிழக்கே, மேற்குச் சைபீரியாவின் குர்கன் வட்டாரத்தில் தோல்கோவ்கா என்னும் சிற்றூர். பரந்த நிலப்பரப்பு, அதற்கு ஒரே மருத்துவர். பிரசவமும் அவர்தான், காய்ச்சலும் அவர்தான், முறிந்த காலும் அவர்தான். பனிக்காலத்தில் நோயாளியைத் தேடிக் குதிரை வண்டியில் நெடுந்தொலைவு போகவேண்டும்.

போர் முடிந்தது, போர் தந்த புண்கள் முடியவில்லை. குண்டு துளைத்த காலும் கையுமாக வீரர்கள் ஊர் திரும்பினர். அந்நாளில் எலும்பு முறிவுக்குப் பொதுவான வைத்தியம் இரண்டு. ஒன்று மாவுக்கட்டு, மற்றொன்று எடையைத் தொங்கவிட்டுக் காலை இழுத்துக் கட்டிப் படுக்கையில் கிடத்துவது. எளிய முறிவுக்கு இவை போதும். எலும்பு நொறுங்கி, சதை கிழிந்து, சீழ் பிடித்த காலுக்கு இவை போதா. மாவுக்கட்டினுள் மூட்டு விறைத்துப்போகும், தசை சூம்பிப்போகும், எலும்போ சேராமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் அப்படிக் கிடந்தபின் காலை வெட்டிவிடுவதே மேல் என்ற முடிவுக்கு நோயாளியே வந்துவிடுவான். உயிரோடு திரும்பிய வீரன் ஊன்றுகோலோடு எஞ்சிய காலத்தைக் கழிப்பதை அந்த இளம் மருத்துவர் நாள்தோறும் கண்டார்.

குதிரை வண்டியில் போகும்போதுதான் அவருக்கு வழி தோன்றியது என்று சொல்வார்கள். ரஷ்ய வண்டியில் குதிரையின் கழுத்துக்குமேல் வில்போல் வளைந்த ஒரு மரம் இருக்கும். வண்டியின் இரு பக்கத் தண்டுகளையும் அது விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும். எலும்பின் இரு துண்டுகளையும் வெளியிலிருந்தே வளையங்களால் இப்படிப் பிடித்தால் என்ன என்று எண்ணினாராம். முதலில் துடைப்பக் கட்டையை முறித்துப் பூட்டிப் பார்த்தார் என்றும் ஒரு கதை உண்டு. முதற் கம்பிகள் மிதிவண்டியின் ஸ்போக்ஸ்தாம் என்று இன்னொரு கதை வழங்குகிறது. இந்தக் கடைசிக் கதையை எங்கள் கடையில் சொன்னபோது என் தந்தையார் சற்றும் வியக்கவில்லை.

வியக்காததற்குக் காரணம் உண்டு. ஸ்போக்ஸ் கம்பி ஒன்றைத் தனியே கையில் எடுத்துப் பாருங்கள். சிறுவனும் வளைத்துவிடுவான். அதே கம்பியை ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே கோத்து நிப்பிளைத் திருகி முறுக்கேற்றினால், ஓட்டுபவரையும் பின்னே ஓர் அரிசி மூட்டையையும் அச்சக்கரம் தாங்கும். கம்பியின் பருமனோ கூடவில்லை. இழுவிசை கூடியிருக்கிறது, அவ்வளவே.

மெல்லிய கம்பியை எலும்பினுள் செலுத்துவது இலிசாரோவுக்கு முன்பே உண்டு. ஜெர்மானிய அறுவை மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னரின் பெயரால் அத்தகைய கம்பிகள் இன்றும் வழங்குகின்றன. இலிசாரோவ் செய்தது வேறு. முறிவுக்கு மேலும் கீழும் காலைச் சுற்றி உலோக வளையங்களை நிறுத்தினார். ஒவ்வொரு வளையத்திலும் எலும்பை ஊடுருவிக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கம்பிகள். வளையங்களை மரைவெட்டிய நீண்ட தண்டுகளால் இணைத்தார். கம்பியின் பருமன் 1.5 மில்லிமீட்டர் அல்லது 1.8 மில்லிமீட்டர்தான். பெரியவர் காலில் பூட்டும் கம்பியை ஏறத்தாழ 130 கிலோ எடைக்குச் சமமான விசைவரை இழுப்பதுண்டு.

இழுப்பது எளிது; இழுத்ததை நழுவாமல் பிடித்துவைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதற்கென்றே இரண்டு வகைப் போல்ட்டுகள் உண்டு. ஒன்றின் தலைக்கு அடியில் காடி வெட்டியிருக்கும். மற்றொன்றில் கம்பி நுழையத் துளை இருக்கும். முதலில் கம்பியின் ஒரு முனையை வளையத்தோடு வைத்து இறுக்கிவிட வேண்டும். மறுமுனையை இழுவைக் கருவி பற்றி இழுக்கும். வேண்டிய விசையை அளவுகோல் காட்டியதும், கருவி பிடித்திருக்கும்போதே, அந்தப் பக்கத்துப் போல்ட்டையும் இறுக்கவேண்டும். அதன் பிறகே கருவியைக் கழற்றலாம். போல்ட் சற்றுத் தளர்ந்திருந்தால் கம்பி மயிரிழை மயிரிழையாக நழுவும். வெளியே பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே தோன்றும். உள்ளே எலும்பு ஆடத்தொடங்கியிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ போல்ட்டின் அடியில் கம்பி நசுங்கி, பின்னர் அந்த இடத்திலேயே அறுந்துபோகக்கூடும்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. எலும்பின் ஊடே வந்த கம்பி சில வேளை வளையத்தைத் தொடாமல் சற்று எட்டி நிற்கும். அவசரக்காரன் கம்பியை வளைத்து வளையத்துக்குக் கொண்டுவருவான். வளைத்த கம்பி இழுக்கும்போது நிமிரப் பார்க்கும்; நிமிரும்போது எலும்பையும் தன்னோடு இழுத்துக் கோணலாக்கிவிடும். எனவே கம்பியை வளைக்கக் கூடாது; அடியில் வாஷர்களை அடுக்கிப் போல்ட்டைக் கம்பி இருக்குமிடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். மேலும், ஒரு வளையத்தின் இரு கம்பிகளையும் ஒரே நேரத்தில் இழுப்பதே சிறப்பு. ஒன்றை மட்டும் இழுத்துப் பூட்டினால் வளையம் சற்றே நெளியும். அடுத்ததை இழுக்கும்போது முன்னதன் முறுக்கு தளரும். சக்கரத்தில் கோட்டம் எடுப்பவர் யாரையாவது கேளுங்கள். ஒரு நிப்பிளைத் திருகினால் பக்கத்துக் கம்பிகளையும் தட்டிப் பார்த்தே ஆகவேண்டும் என்பார்.

இப்படிப் பூட்டிய காலோடு நோயாளி சில நாட்களிலேயே நடக்கலாம். அடி எடுத்து வைக்கும்போது கம்பி ஓரிம்மி தழையும். தழையத் தழைய அதன் விறைப்பு மிகும். எலும்பு முனைகள் பக்கவாட்டில் விலகாமல், நீளவாக்கில் மட்டும் மெல்ல அழுந்தும். அந்த மெல்லிய அழுத்தம் எலும்பு கூடுவதற்குத் துணையாகிறது. படுத்துக் கிடந்தால் சேராத எலும்பு நடந்தால் சேருகிறது!

1950-இல் இலிசாரோவ் குர்கன் நகர மருத்துவமனைக்கு வந்தார். அடுத்த ஆண்டே கருவி உருவாயிற்று. 1952-இல் கண்டுபிடிப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1954-இல் சான்று கிடைத்தது. கிடைக்காதது மதிப்பு. தலைநகரத்துப் பேராசிரியர்கள் பலர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. சைபீரியாவின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் நட்டும் போல்ட்டும் வைத்துக் காலைச் சரிசெய்கிறாராம், அவர் மருத்துவரா பட்டறைக்காரரா என்ற ஏளனம் வேறு. பட்டறை என்பதை ஏன் வசையாகக் கொள்ளவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இக்காலத்தில்தான் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு நேர்ந்தது. எலும்பு முனைகளை நெருக்குவதற்காக நட்டுகளைத் திருகச் சொன்ன நோயாளி ஒருவர் தவறான திசையில் திருகிவிட்டார் என்றும், முனைகள் விலகிய இடைவெளியில் புதிய எலும்பு முளைத்திருப்பதைக் கதிர்ப்படத்தில் இலிசாரோவ் கண்டார் என்றும் சொல்லப்படுகிறது. வேறொருவராயின் நோயாளியைக் கடிந்துவிட்டுத் திருப்பித் திருகியிருப்பார். இவர் அதைப் பற்றிக்கொண்டார். பல ஆண்டுகள் நாய்களின்மேல் சோதனை செய்து, மெதுவாகவும் இடைவிடாமலும் இழுத்தால் உயிருள்ள திசு வளரும் என்று நிறுவினார். எலும்போடு தோலும், நரம்பும், குருதிக்குழாயும் வளர்ந்தன.

முறை இதுதான். எலும்பின் மேலோட்டை மட்டும் கவனமாக வெட்டி, ஐந்து முதல் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். பிறகு நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் இழுக்கவேண்டும். அதையும் ஒரேயடியாகச் செய்யாமல் கால் மில்லிமீட்டராக நான்கு முறை செய்வது நலம். தண்டின் மரை ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரும்படி வெட்டப்பட்டிருப்பதால், நட்டைக் கால் சுற்றுத் திருகினால் கணக்குச் சரியாகிவிடும். வேகம் கூடினால் இடைவெளியில் எலும்பு பிடிக்காது. குறைந்தால் காலம் வருமுன்னரே கூடிக்கொள்ளும். பிறவியிலேயே ஒரு கால் குட்டையானவர்கள், சீழ் அரித்து விரற்கடைக் கணக்கில் எலும்பை இழந்தவர்கள் எல்லாருக்கும் இது வாழ்வளித்தது.

நாடறியச் செய்தவர் ஒரு விளையாட்டு வீரர். உயரத் தாண்டுதலில் 1963-இல் 2.28 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தவரும், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருமான வலேரி புரூமெல், 1965-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கினார். பல அறுவைகள் நடந்தும் எலும்பு சேரவில்லை. 1968-இல் குர்கனுக்கு வந்தார். கால் கூடியது, குறைந்திருந்த நீளமும் மீண்டது. பிறகு இரண்டு மீட்டருக்கு மேல் அவர் தாண்டியதை நாடே கண்டது. அதே 1968-இல் இலிசாரோவ் பெர்ம் நகரில் இளநிலை ஆய்வுப் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார்; அவர்களோ உயர்நிலை டாக்டர் பட்டத்தையே வழங்கிவிட்டனர். 1970-இல் இசை மேதை ஷோஸ்டகோவிச்சும் கைகால் தளர்ச்சிக்காகக் குர்கனில் சில மாதங்கள் தங்கினார்.

எனினும் மேலை நாடுகளுக்குச் செய்தி எட்டப் பின்னும் பத்தாண்டுகள் ஆயின. கார்லோ மவுரி என்னும் இத்தாலிய மலையேறும் வீரர் 1961-இல் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டவர். எலும்பு சரியாகச் சேராத காலோடே உலகைச் சுற்றினார். தோர் ஹெயர்டாலின் ரா என்ற நாணற்படகில் கடல் கடந்தபோது உடன் வந்த சோவியத் மருத்துவர் யூரி சென்கேவிச் குர்கன் மருத்துவரைப் பற்றிச் சொன்னார். 1980-இல் மவுரி அங்கே போனார். நல்ல காலோடு திரும்பினார். இத்தாலிய மருத்துவர்கள் கதிர்ப்படங்களைக் கண்டு திகைத்தனர். 1981-இல் பெல்லாஜியோவில் நடந்த மாநாட்டுக்கு இலிசாரோவை அழைத்தனர். அறுபது வயதில், அரங்கம் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்ட, மேலை உலகம் அவரை அறிந்தது. முறை வந்து முப்பது ஆண்டுகள்! அந்த முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்ட கால்கள் எத்தனை இருக்கும்? இரண்டு வல்லரசுகளின் பகைக்கு எலும்பு முறிந்தவனும் வரி செலுத்தியிருக்கிறான் என்றே எனக்குப் படுகிறது.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவர் ஓராண்டுக்கு அருகில் இவ்வளையங்களோடு வாழ்ந்தார். கால்சட்டை நுழையாது, வேட்டிதான். கம்பி தோலைத் துளைக்கும் இடங்களை நாள்தோறும் துடைத்துத் தூய்மை செய்யவேண்டும். அப்படியும் இருமுறை சீழ் கட்டியது. இரவில் புரண்டு படுக்க முடியாது. அவர் மனைவியார்தாம் வேளை தவறாமல் நட்டைத் திருகுவார். அதற்கு மருத்துவமனையில் கொடுத்த ஸ்பேனரும் எங்கள் கடையில் கிடக்கும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஒன்றுபோலவே இருக்கும். நீட்டிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் கெட்டிப்பட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். பொறுமையில்லாதவருக்கு இது ஏற்றதன்று. கொத்தனார் இப்போது ஏணி ஏறுகிறார்.

1971-இல் குர்கனில் அவருக்கென ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. லெனின் பரிசும், 1981-இல் சோஷலிச உழைப்பு வீரர் என்னும் பட்டமும், 1991-இல் அறிவியல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் வந்தன. இன்று வளையங்களைக் கணினியின் கணக்குப்படி நகர்த்தும் புதுக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றிலும் பலவற்றில் 1.8 மில்லிமீட்டர் கம்பியை இழுத்து, நழுவாமல் போல்ட் வைத்துத்தான் இறுக்குகிறார்கள்.

1992-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், தம் எழுபத்தோராம் வயதில், இலிசாரோவ் குர்கனிலேயே காலமானார். பதவியும் புகழும் வந்த பின்னரும் அவர் மாஸ்கோவுக்குக் குடிபோகவில்லை. உடலும் அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் வளர்த்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி, அங்கே நோயாளிகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது.